நெல்லிக்குப்பம், கடலூர், பண்ருட்டி வட்டாரம்: பிளஸ் ஒன்னுக்கு அரசுப் பள்ளிகளை எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்வி: நெல்லிக்குப்பம்_607105

எல்லோருக்கும் வணக்கம். நெல்லிக்குப்பம் பக்கத்து மாணவி ஒருவருக்காகக் கேட்கிறேன். 6 முதல் 10 வரை அரசு உயர்நிலைப் பள்ளி, தமிழ் வழி. பத்தில் 500க்கு 438, கணக்கு 91, அறிவியல் 94. பயாலஜி-கணிதம் எடுக்க ஆசை. நீட் எழுத வேண்டும். அது அமையாவிட்டால் வேளாண்மை, அதுவும் இல்லையென்றால் பொறியியல்.

நான்கு பள்ளிகள் மனதில் இருக்கின்றன. உள்ளூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி, கடலூர் நகரத்துக்குள் ஒன்று, பண்ருட்டி சாலையில் ஒன்று, கடலூரிலேயே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று. ஒன்றில் பிளஸ் டூ தேர்ச்சி 100 சதவீதம் என்று வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். மற்றவை 90க்கு மேல். இந்தச் சதவீதத்தைத் தாண்டி எதைப் பார்க்க வேண்டும்? பாகூர் பக்கம் புதுச்சேரி அரசுப் பள்ளியில் சேர்க்கலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கெடிலக்கரை

எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்பதற்கு முன்னால், எந்தப் பள்ளியில் சேர்ந்தால் கையில் இருக்கும் உரிமை போகாது என்று பாருங்கள். இந்த மாணவிக்கு அதுதான் பெரிய விஷயம்.

மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 சட்டப்படி வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் நீட்டித்தார்கள். நிபந்தனை, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இந்த மாணவி ஐந்து வருடத்தை முடித்துவிட்டார், இன்னும் இரண்டே வருடம். பதினொன்றில் உதவி பெறும் பள்ளிக்குப் போனால் அந்த ஐந்து வருடமும் கணக்கில் வராது. அந்தப் பள்ளி எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும் சரி, நீட் எழுதப் போகிற பிள்ளைக்கு இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. பொதுப் பட்டியலில் வேண்டிய மதிப்பெண்ணுக்கும் 7.5 பட்டியலில் வேண்டிய மதிப்பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் வருகிறது.

பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் போவதிலும் இதே சிக்கல். புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் வேறு நிர்வாகம். அங்கே அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, முதல் பொதுத்தேர்வு 2025-ல் நடந்தது. அங்கே அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, ஆனால் அது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கானது. பத்து வரை சமச்சீர் படித்துவிட்டுப் பதினொன்றில் எல்லை தாண்டினால் இரண்டு பக்கமும் நிற்க இடம் இருக்காது.

அரசுப் பள்ளி என்றால் பள்ளிக்கல்வித் துறைப் பள்ளி மட்டும் என்று நினைக்காதீர்கள். நகராட்சிப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் தொடங்கிய நந்தனார் பள்ளிகள் இன்று ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ்தான் இருக்கின்றன. பலர் இந்தப் பள்ளிகளைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை, அது தவறு. இன்னொரு பக்கம், நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் இருக்கும் பள்ளிகளையெல்லாம் பொதுத்துறை நிறுவனத்தின் இடம் என்பதால் அரசுப் பள்ளி என்று எடுத்துக்கொள்வார்கள். நடத்துவது யார் என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஆக, உங்கள் நான்கில் ஒன்று இப்போதே கழிந்தது. மீதி மூன்றை ஒப்பிட்டால் போதும்.

பதில் 2: பிஜி_இயற்பியல்

மேலே சொன்னது முழுக்கச் சரி. நான் அந்த 100 சதவீத பேனரைப் பற்றிச் சொல்கிறேன்.

செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும், எழுத்துத் தேர்வில் 70க்கு 15 வேண்டும். அகமதிப்பீட்டில் பத்தும் செய்முறையில் இருபதும் கிடைத்துவிட்டால் கையில் 30 இருக்கிறது. அப்புறம் எழுத்துத் தேர்வில் 15 எடுத்தவரும் தேர்ச்சி, 68 எடுத்தவரும் தேர்ச்சி. பேனரில் இருவரும் ஒன்றுதான். நீட்டுக்கோ பொறியியல் கட் ஆஃபுக்கோ படிக்கப் போகிற பிள்ளைக்கு அந்தச் சதவீதம் எதுவுமே சொல்லாது. 2025-ல் மாநிலத் தேர்ச்சியே 95.03 சதவீதம். எல்லாப் பள்ளியும் 90க்கு மேல் இருக்கும்போது, இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தை வைத்துப் பள்ளியைத் தரம் பிரிக்க முடியாது.

எண்ணிக்கையையும் பாருங்கள். 38 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினாலே 97.4 ஆகிவிடும். 210 பேர் எழுதும் பள்ளியில் 14 பேர் தவறினால் 93.3. இரண்டாவது பள்ளியில் பெரும்பாலும் ஐந்தாறு குரூப் இருக்கும். தவறிய 14 பேரும் வேறு குரூப்பில் இருந்து, பயாலஜி-கணிதத்தில் ஒருவர்கூடத் தவறாமல் இருக்கலாம். அதனால் பள்ளித் தேர்ச்சியைக் கேட்காமல் குரூப் வாரியாக, பாட வாரியாகச் சராசரி கேளுங்கள். ரிசல்ட் வந்ததும் ஒவ்வொரு பள்ளியிலும் தேர்ச்சிப் பகுப்பாய்வு தயாரித்து மேலிடத்துக்கு அனுப்பியாக வேண்டும். பாடம், எழுதியவர், தேர்ச்சி, சராசரி, சென்டம் எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். ஹெச்எம் மேசையிலேயே இருக்கிற தாள் அது.

அடுத்து, பேனரில் ஒருபோதும் வராத ஒரு எண். பிளஸ் ஒன்னில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இரண்டு வருடம் கழித்துப் பிளஸ் டூ எழுதியவர்கள் எத்தனை பேர்? 60 பேர் சேர்ந்து 44 பேர் எழுதி 44 பேரும் பாஸ் என்றால் அது 100 சதவீதம். அந்த 16 பேர் எங்கே போனார்கள் என்பதுதான் பள்ளியின் தரம். சிலர் ஊர் மாறியிருப்பார்கள், சிலர் பாலிடெக்னிக் போயிருப்பார்கள், சிலரை டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். பத்துக்கு ஒன்று குறைவது சகஜம். நாலில் ஒன்று குறைந்திருந்தால் காரணம் கேளுங்கள்.

இன்னொன்று புதிது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் கிடையாது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பன்னிரண்டைத் தொடங்கும் பழைய வழக்கம் சில இடங்களில் திரும்ப வரும். நீட்டில் ஏறக்குறைய பாதி பதினொன்றிலிருந்துதான் வருகிறது. இயற்பியலில் விசை, சுழற்சி, வெப்ப இயக்கவியல், விலங்கியலில் மனித உடலியல் எல்லாம் அங்கேதான். அதனால் "போன வருஷம் பிளஸ் ஒன் கடைசிப் பாடத்தை எந்த மாசம் முடிச்சீங்க?" என்று நேராகக் கேளுங்கள். பிப்ரவரி என்று பதில் வந்தால் நல்லது. "டிசம்பர்லயே பிளஸ் டூ போர்ஷன் ஆரம்பிச்சிட்டோம்" என்று பெருமையாகச் சொன்னால், இந்த மாணவிக்கு அந்தப் பள்ளி வேண்டாம்.

பதில் 3: வடலூர்_தாவரவியல்

மாணவியின் பாடங்களை வைத்தே எண்ணிப் பார்க்கலாம். பயாலஜி-கணிதத்துக்கு ஏழு முதுகலை ஆசிரியர்கள் வேண்டும்: தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். உயிரியல் ஒரே பாடம் போலத் தெரிந்தாலும் நடத்துவது இரண்டு பேர், 70க்கு 35 வீதம். விலங்கியல் பணியிடம் காலி என்றால் உயிரியலில் சரிபாதி காலி. நீட்டில் 720-ல் உயிரியல் மட்டும் 360, அதிலும் பாதி ஆட்டம் காணும். பல பள்ளிகளில் தாவரவியல் ஆசிரியரே இரண்டையும் இழுத்துக்கொண்டு போவார். அவரைக் குறை சொல்ல முடியாது, வாரத்தில் இருக்கும் பாடவேளை அவ்வளவுதான்.

பொறியியல் கட் ஆஃப் 200-ல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அங்கே கணித ஆசிரியர் இருவருக்குச் சமம். நீட்டில் கணிதமே இல்லை. இரண்டையும் யோசிப்பவர்கள் இந்த ஐந்து அறிவியல், கணித ஆசிரியர்களில் ஒருவர்கூடக் குறையாத பள்ளியைத்தான் தேட வேண்டும். சதவீதத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

ஆசிரியர் "இருக்கிறாரா" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறார் என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொருவரும் நிரந்தரமா, தற்காலிகமா, மாற்றுப்பணியா என்று கேளுங்கள். காலியிடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தொகுப்பூதியத்தில் ஆள் எடுப்பார்கள். வருபவர்களில் மிக நன்றாக நடத்துபவர்கள் உண்டு. சிக்கல் காலத்தில்தான். ஜூனில் பள்ளி திறக்கும், அனுமதி வந்து ஆள் சேர ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். அதற்குள் முதல் இரண்டு பாடம் போய்விடும். நடுவில் அவருக்கு வேறு வேலை கிடைத்தால் மறுபடியும் காலி. மாற்றுப்பணி என்றால் சம்பளப் பட்டியலில் இந்தப் பள்ளியில் பெயர் இருக்கும், ஆள் வேறு பள்ளியில் இருப்பார், அல்லது வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருவார்.

இதில் ஒரு கண்ணி. பொது மாறுதல் கலந்தாய்வு கோடையை ஒட்டித்தான் நடக்கும். போன வருடம் வேதியியலில் சராசரி 80 வரவைத்தவர் இந்த ஜூலையில் சொந்த ஊருக்கு மாறுதல் வாங்கிப் போயிருக்கலாம். போன வருட ரிசல்ட் அவருடையது, பள்ளியுடையது அல்ல. அதனால் மே மாதம் ஒரு தடவை, கலந்தாய்வு முடிந்ததும் இன்னொரு தடவை கேளுங்கள்.

ஆய்வகத்தைக் கட்டாயம் பாருங்கள். அறை பெரிதா, டைல்ஸ் போட்டிருக்கிறதா என்பதை விடுங்கள். போன வருட மாணவி ஒருவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கித் தேதிகளைப் புரட்டுங்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று பரவலாக இருந்தால் ஆய்வகம் நடக்கிறது. பத்துச் சோதனைக்கும் ஜனவரியில் இரண்டு நாளில் கையெழுத்து விழுந்திருந்தால், செய்முறைத் தேர்வுக்கு முன்தான் பூட்டைத் திறக்கிறார்கள்.

இயற்பியலில் ஸ்பெக்ட்ரோமீட்டரை மேசையில் வைத்து சோடியம் விளக்கைப் போடச் சொல்லுங்கள். போட்டதும் மஞ்சளாக எரியாது. முதலில் இளஞ்சிவப்பாகத் தெரிந்து, சில நிமிடம் கழித்துத்தான் மஞ்சள் ஏறும். அந்த நேரத்தில் வெர்னியரைப் பாருங்கள், கோடுகள் படிக்கிற மாதிரி இருக்கின்றனவா, தொலைநோக்கித் திருகு இறுகாமல் சுற்றுகிறதா? வேதியியலில் பியூரெட்டின் குழாய்த் திருகைத் திருப்பிப் பாருங்கள். நுனியில் வெள்ளைப் பொருக்கு படிந்து திருகு பிடித்துக்கொண்டிருந்தால் அது மாதக்கணக்கில் கழுவப்படாதது. ஒரு பிரிவில் 40 பேர் இருந்து வேலை செய்கிற ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றே ஒன்று என்றால், முக்கால்வாசிப் பேர் அளவீட்டைப் பக்கத்து நோட்டிலிருந்துதான் எழுதியிருப்பார்கள்.

கேள்வி கேட்டவர்: நெல்லிக்குப்பம்_607105

மிக்க நன்றிங்க ஐயா, மேடம். உதவி பெறும் பள்ளியை எடுத்துவிட்டேன். மூன்று சந்தேகம். உதவி பெறும் பள்ளிக்குப் போனால், கல்லூரியில் மாதா மாதம் கிடைக்கும் புதுமைப் பெண் 1,000 ரூபாயும் போய்விடுமா? பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாறினால் தமிழ் வழி ஒதுக்கீடு போய்விடும் என்கிறார்களே? இந்த விவரங்களையெல்லாம் பெற்றோர் போய்க் கேட்டால் சொல்வார்களா?

பதில் 4: மஞ்சை_தகவல்

முதலாவது: தமிழ் வழியில் தொடர்ந்தால் போகாது. புதுமைப் பெண் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு என்று தொடங்கியது, பிறகு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். ஆனால் கெடிலக்கரை சொன்ன 7.5 அப்படி நீட்டிக்கப்படவில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இரண்டாவது: தமிழ் வழிக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை. அந்த வேலைக்கான கல்வித் தகுதி வரைக்கும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே தகுதி என்பதால் இதுவரை தமிழ் வழியில் படித்தது போதும். பட்டப்படிப்பு கேட்கும் வேலைக்குப் பட்டமும் தமிழில் வேண்டும். மருத்துவமோ பொறியியலோ ஆங்கிலத்தில் படிக்கப் போகிறவருக்கு அங்கே எப்படியும் கிடைக்காது. எனவே ஒதுக்கீட்டுக்குப் பயந்து தமிழ் வழியிலேயே இருக்க வேண்டியதில்லை. நீட்டைத் தமிழிலும் எழுதலாம். ஆங்கில வழிக்கு மாறுவதானால் அந்தப் பிரிவில் உண்மையிலேயே ஆங்கிலத்தில் நடத்துகிறார்களா, இரண்டு பிரிவையும் ஒரே அறையில் வைத்துத் தமிழில் நடத்திப் புத்தகத்தை மட்டும் ஆங்கிலத்தில் கொடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது: சொல்வார்கள், கேட்கிற முறையில் கேட்டால். போவதற்கு முன், மத்திய அரசின் பள்ளித் தகவல் தளமான யூடைஸ் பிளஸில் பள்ளியைத் தேடுங்கள். 33-ல் தொடங்கும் 11 இலக்க எண். வகுப்பு வாரியாக மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை எல்லாம் கிடைக்கும். முந்தைய கல்வியாண்டின் தகவல்தான் இருக்கும், பாட வாரியாக ஆசிரியர் இருக்காது. ஆனால் மூன்று வருட அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 11-ல் இருந்த எண்ணிக்கை அடுத்த வருடம் 12-ல் எவ்வளவு ஆனது என்று வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். பிஜி_இயற்பியல் சொன்ன எண் அதுதான்.

பள்ளிக்கு ரிசல்ட் வந்த மறுநாளே போகாதீர்கள், கூட்டத்தில் யாரும் நின்று பேச மாட்டார்கள். இரண்டு மூன்று நாள் விட்டு, காலை பதினோரு மணி வாக்கில் மாணவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். முதலில் ஹெச்எம், பிறகு உதவித் தலைமையாசிரியர். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைவரும் ஒரு பெற்றோர்தான். அவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் காலிப் பணியிடம் எது, எத்தனை மாதமாக என்று தெளிவாகச் சொல்லிவிடுவார்.

வாயால் கேட்டு வராத விவரத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. ஆனால் பதிலுக்கு 30 நாள். மே மாதம் போட்டால் சேர்க்கை முடிந்த பிறகுதான் பதில் வரும். ஒன்பது, பத்தில் பிள்ளை இருப்பவர்கள் பிப்ரவரியிலேயே அனுப்பிவிடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகம், கடலூர் என்ற முகவரிக்கு ஒப்புகையுடன் விரைவுத் தபால். வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"பிரிவு 6(1)-ன் கீழ் கீழ்க்காணும் தகவல்களை வழங்க வேண்டுகிறேன். பள்ளியின் பெயரும் யூடைஸ் எண்ணும்: ……… (1) ஆகஸ்ட் 1 நிலவரப்படி அனுமதிக்கப்பட்ட முதுகலை ஆசிரியர் பணியிடங்கள், பணிபுரிவோர், காலியிடங்கள், பாட வாரியாக, கடந்த 3 ஆண்டுகளுக்கு. (2) மேற்படி பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் உள்ள ஆசிரியர்களின் எண்ணிக்கையும் பாடமும். (3) 11-ம் வகுப்பில் சேர்ந்தோர், 12-ம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியோர், தேர்ச்சி பெற்றோர், குரூப் வாரியாக. (4) பாட வாரியான சராசரி மதிப்பெண்."

ஆகஸ்ட் 1 என்று தேதி போடுவது முக்கியம். பணியாளர் நிர்ணயம் அந்தத் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் நடக்கிறது, கோப்பில் அந்தக் கணக்கு தயாராக இருக்கும். "ஏன் காலியாக வைத்திருக்கிறீர்கள்" என்று காரணம் கேட்டால் அது தகவல் கோரிக்கையாக ஆகாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாணவர் பெயர், ஆசிரியர் பெயர் கேட்காதீர்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)-ல் முதல் மேல்முறையீடு.

பதில் 5: பெண்ணைக்கரை

ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. மழை. நம் மாவட்டத்தில் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை எத்தனை நாள் பள்ளி நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று தென்பெண்ணையும் கெடிலமும் கரை மீறும்போதெல்லாம் தாழ்வான பகுதிப் பள்ளிகளில் ஒன்று தண்ணீர் நிற்கும், இல்லையென்றால் நிவாரண முகாம் நடக்கும். தண்ணீர் வடிந்த பிறகும் வகுப்பறை காய ஒரு வாரம். அதனால் தீபாவளிக்குள் பிளஸ் டூ பாடத்தில் முக்கால் பங்கு முடிக்கிற பள்ளியா என்று கேளுங்கள். ஆய்வகம் தரைத்தளத்தில் இருந்தால் கருவிகள் கீழ் அலமாரியில் இருக்கின்றனவா, மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா என்று ஒரு பார்வை.

பயணமும் அப்படித்தான். நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் சுமார் 12 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு, மாணவிக்குப் பாஸ் இலவசம். ஆனால் காலைச் சிறப்பு வகுப்பு எட்டேகாலுக்கு, மாலை ஐந்தரை வரை என்றால் ஏழு மணிக்கு முன் கிளம்ப வேண்டும். அந்த நேரக் கூட்டத்தில் ஏறிப் போய்வர முடியுமா என்று ஒரு வேலைநாளில் மாணவியே போய் வந்து சொல்லட்டும். உள்ளூர்ப் பள்ளியில் ஏழு ஆசிரியரும் இருந்தால் தினம் மிச்சமாகிற அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே நான் உள்ளூரைச் சொல்வேன்.

பதில் 6: கெடிலக்கரை

சேர்க்கையில் தவறும் இரண்டு இடங்கள். பிளஸ் ஒன்னுக்கும் 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, தகுதிப் பட்டியல் போட்டுத்தான் எடுப்பார்கள். 438 நல்ல மதிப்பெண், ஆனாலும் பெரிய பள்ளியில் பயாலஜி-கணிதம் முதலில் நிரம்பும். இரண்டு பள்ளியிலாவது விண்ணப்பம் கொடுங்கள். அசல் டிசி ஒன்றே ஒன்றுதான், பட்டியலில் பெயர் வந்த பிறகு கொடுத்தால் போதும், அதுவரை நகல்.

இரண்டாவது, எமிஸ், அதாவது பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம். பழைய பள்ளி மாணவியை எமிஸில் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி ஏற்ற முடியும். டிசி வாங்கும் அன்றே அலுவலகத்தில் உட்கார்ந்து விடுவிக்கச் சொல்லிவிடுங்கள். கோடை விடுமுறையில் கணினி இயக்குபவர் வராத நாளில் மாட்டிக்கொண்டால் நான்கைந்து நாள் அலைச்சல். அதே கையோடு 6 முதல் 10 வரை அங்கே படித்ததற்கான சான்றையும் வாங்கி வையுங்கள். 7.5 கலந்தாய்வுக்கு இரண்டு வருடம் கழித்து அதுதான் வேண்டும்.